அத்தியாயம் பிரிக்காத ஒரு நாவலோடு சில ஆண்டுகள்

திரும்பத் திரும்ப வாசிக்கத் தக்க கிறிஸ்தவ நாவல் ஒன்றைச் சொல்லும்படி நண்பர் ஒருவர் கேட்டார். அமெரிக்க எழுத்தாளர் மெரிலின் ராபின்சனின் ‘கிலியட்’ என்றேன். 2004-இல் வெளிவந்து மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற நூல் என்பதால், அதன் சிறப்பை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதன்மேல் எனக்கு நெடுநாளாகத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. அதையும் அவரிடம் சொன்னேன்.

இந்த நாவலில் அத்தியாயங்களே இல்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், 1956-ஆம் ஆண்டில், இதய நோயால் நாள் எண்ணிக்கொண்டிருக்கும் 76 வயதுப் போதகர் ஜான் ஏம்ஸ், தம் சின்னஞ்சிறு மகன் வளர்ந்து ஆளானபின் படிக்கட்டும் என்று எழுதிவைக்கும் கடிதமே முழுக் கதையும் என்பதால், நினைவு போன போக்கில் அது போகிறது. முதல் வாசிப்பில் இது உறுத்தாது. மறுபடி வாசிக்கத் தொடங்கி, மனத்தில் தங்கிவிட்ட ஓர் இடத்தைத் தேடும்போதுதான் பொறுமை போய்விடுகிறது.

பூனைக்குட்டிகள் வரும் இடத்தை நான் எத்தனையோ முறை தேடியிருக்கிறேன். சிறுவனாக இருந்தபோது ஏம்ஸ், கூட்டாளிகளோடு சேர்ந்து பூனைக்குட்டிகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். தண்ணீர் தொட்ட உள்ளங்கைக்கு அடியில் இருந்த அந்தச் சிறு நெற்றியின் வெதுவெதுப்பை முதுமையிலும் அவர் மறக்கவில்லை. ஆசீர்வாதம் என்பது ஓர் உயிரைப் புனிதமாக்குவதன்று, அதில் ஏற்கெனவே உள்ள புனிதத்தை ஒப்புக்கொள்வது என்று அவர் உணரும் பத்தி, பெரிய இறையியல் நூல்கள் சுற்றிவளைத்துச் சொல்வதை ஒரு குழந்தை விளையாட்டில் வைத்துச் சொல்லிவிடுகிறது. இடி விழுந்து எரிந்த ஆலயத்தை மழையில் இடித்துக்கொண்டிருக்கையில், தகப்பனார் கரிபடிந்த கையால் பிட்டுக் கொடுத்த பிஸ்கட்டை, ஆலயத்தில் கிறிஸ்துவின் நினைவாக அப்பம் பிட்டு உண்ணும் திருவிருந்தாகவே அவர் நினைவில் வைத்திருப்பதும் அப்படித்தான். பிரசங்க வாடையே இல்லாமல் விசுவாசத்தை இவ்வளவு தெளிவாக எழுதிய நாவலை நான் வேறு கண்டதில்லை.

குறையாகத் தோன்றியும் நான் மதிக்கும் இன்னொன்று, ஏம்ஸின் மனக்கசப்பு. அடிமை முறையை எதிர்த்து, துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு பிரசங்கித்த பாட்டனாரின் வேகத்தையும், போரை வெறுத்த தகப்பனாரின் மனத்தையும் நிதானமாக எடைபோடத் தெரிந்த அவருக்கு, நண்பர் பௌட்டன் தம் மகனுக்கு ஜான் ஏம்ஸ் என்று இவர் பெயரையே வைத்திருந்தும், ஜாக் என்று அழைக்கப்படும் அந்த மகன்மேல் உள்ள சந்தேகத்தை விட முடியவில்லை. மன்னிப்பைப் பற்றி ஆயுள் முழுதும் பேசியவர் ஒரே ஒருவரை மன்னிக்கத் திணறுவதை ஆசிரியர் மழுப்பவில்லை. அதனால்தான் இறுதியில் அவர் ஜாக்குக்குக் கொடுக்கும் ஆசீர்வாதம் என்னை ஒவ்வொரு முறையும் கலங்கவைக்கிறது.

இது காகிதத்தில், மெதுவாக, பின்னோக்கிப் புரட்டிப் புரட்டி வாசிக்க வேண்டிய புத்தகம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் பூனைக்குட்டிகளைத் தேடி நேற்றும் ஒரு மாலை முழுவதும் வீணானதால், நண்பருக்கு நான் கொடுத்த பதில் இதுதான்: அச்சுப் பிரதி வேண்டாம், தேடும் வசதியுள்ள மின்னூலையே வாங்குங்கள்.