நொடிக்குள் கறுத்துத் தெளியும் கண்ணாடி: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கோயம்புத்தூரிலிருந்து திருச்சூருக்கு மாதம் நான்கைந்து முறை கார் ஓட்டிச் செல்கிறேன். உச்சி வெயிலில் பாலக்காட்டைக் கடந்து குதிரான் சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது, கூலிங் கிளாஸ் அணிந்தவருக்குச் சில கணங்கள் முன்னே போகும் லாரிகூடச் சரியாகத் தெரியாது. ஒரு கையால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஓட்டுவதே என் வழக்கமாக இருந்தது. மின்சாரத்தால் நிறம் மாறும் இந்தக் கண்ணாடியை வாங்கியதற்கு அந்த ஒரு சுரங்கம்தான் காரணம்.

வெயிலில் தானாகக் கறுக்கும் ஃபோட்டோகுரோமிக் கண்ணாடி போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அதைக் கறுக்க வைப்பது புற ஊதாக் கதிர்; காரின் முன்கண்ணாடி அக்கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், வெளியே வெயில் கொளுத்தினாலும் வண்டிக்குள் அது கறுப்பதேயில்லை அல்லது அரைகுறையாகவே கறுக்கிறது. போதாக்குறைக்கு, வெப்பம் மிகுந்த இடத்தில் அதன் கறுப்பும் குறைந்துவிடும். நிழலுக்கு வந்தபின் தெளியச் சில நிமிடங்கள் பிடிக்கும்.

இந்தக் கண்ணாடியின் வில்லைக்குள் இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே டிவி, போன் திரைகளில் இருப்பதுபோன்ற திரவப் படிகமும் (லிக்விட் கிரிஸ்டல்) அதில் கலந்த சாயமும் உள்ளன. மின்னழுத்தம் கொடுத்ததும் படிக மூலக்கூறுகள் திரும்ப, அவற்றோடு சாய மூலக்கூறுகளும் திரும்பி ஒளியை உறிஞ்சுகின்றன. போயிங் 787 விமானத்தின் ஜன்னல்போல மெல்ல மெல்ல மங்கும் மின்வேதி வினை இது அன்று. வெல்டிங் செய்பவர் அணியும் தானியங்கி முகக்கவசத்துக்கே நெருங்கிய உறவு. சுரங்க வாயிலில் கண் சிமிட்டும் நேரத்துக்குள் தெளிந்துவிடுகிறது. மின்கலம் தீர்ந்தால் வில்லை தெளிந்த நிலையிலேயே நிற்கும்படி அமைத்திருப்பதைத்தான் நான் மிகவும் மெச்சுகிறேன். மாறாக இருந்திருந்தால் சாலையில் இதை நம்பி அணிய முடியாது.

குறைகளும் உண்டு. தெளிந்த நிலையிலும் சாயத்தின் சாம்பல் நிறம் முழுதாக நீங்குவதில்லை. எவ்வளவு ஒளியை விடுகிறது என்பதை வைத்துக் கூலிங் கிளாஸ்களைப் பிரிக்கும் தரவரிசையில் கறுத்த நிலை வகை 3, அதாவது 8 முதல் 18 சதவீத ஒளியை விடுவது. தெளிந்த நிலையோ 43 முதல் 80 வரை விடும் வகை 1. இரவில் ஓட்ட 75 சதவீத ஒளியாவது வேண்டும் என்பது விதியாதலால், பொழுது சாய்ந்ததும் கழற்றிவிடுகிறேன். புளியமரங்கள் வரிசையாக நிற்கும் சாலையில் ஒளியுணரி ஒவ்வொரு நிழலுக்கும் கறுப்பதும் தெளிவதுமாக அலைக்கழிப்பதால், அங்கே கையால் பொத்தானை அழுத்தி ஒரே நிலையில் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. விலையும் நான் முன்பு வாங்கிய நல்ல கூலிங் கிளாஸைப் போல நான்கு மடங்கு.

இந்த மாதிரியில் பவர் வைக்க வழியில்லை. மைனஸ் 2 பவர் உள்ள நான் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டுதான் இதை அணிகிறேன். கண் வறண்டிருக்கும் நாள்களில் பழைய பவர் கண்ணாடியே மூக்கில் ஏறுகிறது.