ஸ்கம்விஎம் ஆப்: ஒரே ஒரு செட்டிங் மாத்துனேன், பொழப்பே மாறிடுச்சு

மவுஸால கிளிக் பண்ணியே கதைய நகர்த்துற பழைய பாயிண்ட் அண்ட் கிளிக் கேம்ஸ மொபைல்ல ஆடலாம்னு ஸ்கம்விஎம் இன்ஸ்டால் பண்ணிட்டு அஞ்சே நிமிஷத்துல கடுப்பாகி தூக்குனவன் நான். அப்புறம் மறுபடியும் போட்டேன், இப்போ மூணு வாரமா போன்ல வேற கேமே திறக்கல.

இத எமுலேட்டர்னு நெனச்சுக்காதீங்க. டாஸ்பாக்ஸ் மாதிரி பழைய கம்ப்யூட்டரையே போனுக்குள்ள உருவாக்குற வேலை இதுல இல்ல, கேம ஓட்டுற எக்ஸ்இ ஃபைல ஓரமா தள்ளிட்டு படம், சத்தம், ஸ்கிரிப்ட் இருக்குற டேட்டா ஃபைல மட்டும் தானே படிச்சு ஓட்டிடுது, அதனால என் அரதப்பழசு போன்லயே சும்மா வழுக்கிட்டு போகுது. 1987ல மேனியாக் மேன்ஷன்ங்கிற கேமுக்காக எழுதுன ஸ்கம்ங்கிற சிஸ்டம் தான் பேருக்குக் காரணம், ஆனா இப்போ சியர்ரா மாதிரி வேற கம்பெனி கேம்ஸ் கூட ஓடும். காசும் கிடையாது விளம்பரமும் கிடையாது.

ஆனா கேம நம்ம தான் கொண்டு வரணும். பரண்ல பழைய சிடி கிடந்தா அதுல இருக்குற ஃபைல காப்பி பண்ணிக்கலாம், இல்லாதவங்க பினீத் எ ஸ்டீல் ஸ்கைங்கிற கேம்ல ஆரம்பிங்க. 1994ல வந்தது, 2003லயே ஃப்ரீயா விட்டுட்டாங்க, ஸ்கம்விஎம் சைட்லயே இருக்கு. குரலோட இருக்குற சிடி வெர்ஷனே எடுங்க. ஜிப்ப பிரிச்சு ஒரு ஃபோல்டர்ல போட்டு, ஆப்ல அந்த ஃபோல்டர காட்டி பெர்மிஷன் குடுத்தா அதுவே என்ன கேம்னு கண்டுபிடிச்சிடும்.

இப்போ அந்த செட்டிங். டச் மோட நேரடி மவுஸ்ல வச்சா தொட்ட இடத்துல கிளிக் ஆகும், கேக்க நல்லா தான் இருக்கு, ஆனா இந்த கேமோட படமே 320க்கு 200 பிக்சல், எடுக்க வேண்டிய பொருள் நம்ம கட்டைவிரல் நகத்துல பாதி கூட இருக்காது, அத விரலே மறைச்சிடும். அத விட மோசம், மவுஸ அந்தப் பொருள் மேல கொண்டு போனா தான் அதோட பேரு தெரியும், விரலால தொட்டு எங்க போய் தேடுறது? டச்பேட் மோடுக்கு மாத்துங்க, லேப்டாப் மாதிரி விரல எங்க வேணா தேய்க்கலாம், பாயிண்டர் தனியா நகரும், பேரும் வரும். இந்த கேம்ல பொருள எடுக்க, உபயோகிக்க எல்லாத்துக்கும் ரைட் கிளிக் வேணும், ஒரு விரல அழுத்திக்கிட்டே இன்னொன்னால தட்டுங்க, முதல் நாள் கை பின்னிக்கும் தான்.

அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆட்டோசேவ் ஆகுது, ஆனா இந்த கேம்ல ஹீரோ செத்துப் போவான், அதனால நீங்களும் தனியா சேவ் பண்ணிக்கோங்க. எழுத்து பொடிசா தான் தெரியும், கண்ணாடி போட்டவங்க டேப்லெட்ல ஆடுறது உத்தமம். நான் மொதல் கதவுலயே அரை மணி நேரம் முட்டிக்கிட்டு நின்னேன், கடைசில பார்த்தா படிக்கட்டுல ஆடிட்டு இருந்த கம்பி தான் சாவி.