மூணு வருஷ கேப்போட ஃபைனான்ஸ் வேலைக்குப் போறவங்க இந்த மாக் இன்டர்வியூ (பயிற்சி இன்டர்வியூ) எடுத்துப் பாருங்க

நான் மெக்கானிக்கல் முடிச்சிட்டு மூணு வருஷம் அண்ணா நகர்ல ரூம் எடுத்து யுபிஎஸ்சி படிச்சேன், ரெண்டு தடவை மெயின்ஸ் வரைக்கும் போய் நின்னுடுச்சு. அப்புறம் ஃபைனான்ஸ்னு முடிவு பண்ணி எங்க அப்ளை பண்ணாலும் முதல் கேள்வியே இந்த மூணு வருஷம் என்ன பண்ணீங்கன்னு தான். இதுக்கு முன்னாடி போன ஒரு கன்சல்டன்சில எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ரெடி பண்ணித் தர்றோம்னாங்க, தயவு செஞ்சு அந்தப் பக்கம் போயிடாதீங்க, வெரிஃபிகேஷன்ல பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டா அங்கயே மாட்டிக்குவீங்க, வாங்கின ஆஃபரும் போயிடும்.

இந்த மாக் இன்டர்வியூ நாலு செஷன், 6,500 ரூபாய். முதல் செஷன்ல கேப் பத்தி நான் நாலு நிமிஷம் பேசினேன், இன்டர்வியூ எடுக்கிற சார் டைம் பாத்துட்டு "தம்பி, நீ விளக்க விளக்க தான் அவங்களுக்கு சந்தேகம் வரும், என்ன படிச்ச, ஏன் நிறுத்தின, அதுக்கப்புறம் என்ன பண்ண, மூணே வரில சொல்லு"ன்னார். அடுத்து ரெப்போ ரேட் (பேங்க்குகளுக்கு ஆர்பிஐ கடன் கொடுக்கிற வட்டி) ஏறினா ஏற்கனவே இருக்கிற பாண்டோட (கடன் பத்திரத்தோட) விலை என்ன ஆகும்னு கேட்டார். ரெப்போ ரேட்னா என்னன்னு தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன், பாண்ட் விலை இறங்கும்னும் தெரியும், ஆனா அது ஏன்னு சொல்ல வரல. புது பாண்ட்ல வட்டி கூட கிடைக்கும்போது பழைய பாண்ட அதே விலைக்கு எவன் வாங்குவான்னு அவர் கேட்டப்போ தான், கேப்ல படிச்சது வேஸ்ட் இல்ல, இந்த மாதிரி திருப்பிச் சொல்லத் தெரியணும்னு உறைச்சுது.

அவர் சொல்லித் தான் என்ஐஎஸ்எம் (பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியோட பயிற்சி நிறுவனம்) நடத்துற மியூச்சுவல் ஃபண்ட் டிஸ்ட்ரிபியூட்டர் எக்ஸாம் எழுதினேன், 100 கேள்வி, 2 மணி நேரம், 50 மார்க் பாஸ், நெகட்டிவ் மார்க் கிடையாது. ரிசர்ச் பக்கம் போறவங்களுக்கு இது பத்தாது, ரிசர்ச் அனலிஸ்ட் எக்ஸாம் தான் வேணும், அதுல 60 எடுக்கணும், நெகட்டிவும் உண்டு.

கூடவே தர்ற எக்செல் கிளாஸ் சரியில்ல, ரெக்கார்டட் வீடியோ, டவுட் கேட்டா பதிலே வராது, அதுக்குன்னு தனியா காசு கட்டாதீங்க.

இப்போ ஃபண்ட் அக்கவுண்டிங்ல (ஃபண்டோட கணக்குப் பாக்கிற வேலை) சேர்ந்திருக்கேன். இன்டர்வியூல கேப் பத்தி ஒரு நிமிஷம் கூட போகல, மீதி நேரம் முழுக்க என்ஏவி (ஃபண்டோட ஒரு யூனிட் மதிப்பு) எப்படிப் போடுவாங்கன்னு தான் கேட்டாங்க. புக் பண்றவங்க சனிக்கிழமை காலைல ஸ்லாட் கேளுங்க, அப்போ தான் சாரே எடுப்பார், சாயங்காலம் வேற ஆள்.