அளந்து பார்க்கும் பட்டறை: பிக்அப் வண்டியின் கரண்ட் லீக்கேஜும் காற்றிரைச்சலும்

பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குப் போகும் வழியில் இருக்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறையைப் பற்றிய மதிப்புரை இது. கடையின் பெயரையும் தம் பெயரையும் எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். இருக்கிற வேலைக்கே ஆள் போதவில்லை என்பது அவர் சொன்ன காரணம். ஆகவே முகவரிக்குப் பதிலாக அங்கே வேலை நடக்கும் முறையை எழுதுகிறேன். அதே முறையில் வேலை செய்யும்படி உங்கள் ஊர் மிஸ்திரியிடம் கேட்கலாம். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் பாதி வேலையை வீட்டு வாசலிலேயே முடித்துக்கொள்ளலாம்.

நான் கொண்டுபோனது பல ஆண்டுகள் ஓடிய இரட்டைக் கேபின் டீசல் பிக்அப். நான்கு நாள் நிறுத்திவைத்தால் செல்ஃப் எடுக்காது. பிரேக்கை மிதித்தால் பின்னால் வலப்பக்க இண்டிகேட்டர் மங்கலாக எரியும். எண்பதைத் தாண்டினால் இடப்பக்க முன்தூண் அருகே சீழ்க்கை போன்ற சத்தமும், கூரைக்கு மேலே ஒரு ரீங்காரமும் சேர்ந்து கேட்கும். முன்பு காட்டிய இடத்தில் புது பேட்டரி போட்டார்கள், பிறகு ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகித்தார்கள், காற்றுச் சத்தத்துக்கு நான்கு கதவின் ரப்பர் பீடிங்கையும் மாற்றச் சொன்னார்கள். இந்த மூன்று யோசனைக்கும் முன்னால் யாரும் எதையும் அளந்து பார்க்கவில்லை.

இந்தப் பட்டறையில் முதலில் செய்தது அளவெடுப்பதுதான். முந்தைய நாள் மாலை நிறுத்திய வண்டியை, அதிகம் ஓட்டாமல் அப்படியே கொண்டுவரச் சொன்னார்கள். ஓடி நின்ற பேட்டரியின் மேலோட்டமான சார்ஜ் மீட்டரை ஏமாற்றிவிடும் என்பதே அதற்குக் காரணம். ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதி காலி. 12-க்குக் கீழே போனால் டீசல் எஞ்சினைச் சுழற்ற அதனிடம் தெம்பு இல்லை. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். கணினியே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் புதிய வண்டிகளில் மட்டும் இந்த அளவு சற்று ஏறி இறங்கும். என் வண்டியில் 14.2 இருந்தது. ஆல்டர்னேட்டரின் மீதான சந்தேகம் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது.

அடுத்து கரண்ட் லீக்கேஜ், அதாவது நிறுத்திவைத்த வண்டியில் பேட்டரி வீணாக வடிவது. இதில்தான் பெரும்பாலான பட்டறைகள் அவசரப்படுகின்றன. பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, இடையில் மீட்டரை மாட்டி, காட்டும் எண்ணைப் பார்த்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதுதான் பரவலான பழக்கம். பழைய வண்டிகளுக்கு அது சரி. இப்போதைய வண்டிகளிலோ டெர்மினலைக் கழற்றி மாட்டியதும் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாம் விழித்துக்கொள்ளும். ஒரு ஃபியூஸைப் பிடுங்கிச் செருகினால் மறுபடியும் விழித்துக்கொள்ளும். அந்த நிலையில் எடுக்கும் அளவு நிறுத்திவைத்த வண்டியின் அளவே அல்ல. இங்கே டெர்மினலைத் தொடவே இல்லை. மில்லி ஆம்பியர் வரை காட்டும் டிசி க்ளாம்ப் மீட்டரை நெகட்டிவ் கேபிளைச் சுற்றி மாட்டினார்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துவைத்து, அதன் தாழை மட்டும் ஒரு ஸ்குரூடிரைவரால் அழுத்தி மூடி, கதவு சாத்தியிருப்பதாக வண்டியை நம்பவைத்தார்கள். சாவியைத் தூர எடுத்துப் போய் வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் எல்லாரும் வேறு வேலையைப் பார்த்தார்கள்.

திரும்பி வந்தபோது மீட்டரில் 0.41 ஆம்பியர் இருந்தது. உறங்கும் வண்டி எடுத்துக்கொள்ளக்கூடியது 50 மில்லி ஆம்பியருக்குள், அதாவது 0.05. கணக்கைப் போட்டால் நான்கு நாளில் 39 ஆம்பியர் மணி போகிறது. 70 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. புது பேட்டரி போட்டும் குறை தீராததன் விளக்கம் முழுவதும் இந்த ஒரே பெருக்கலில் இருக்கிறது. பிறகு ஃபியூஸ் எதையும் பிடுங்காமல், ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் அளந்தார்கள். மின்னோட்டம் இல்லாத ஃபியூஸ் பூஜ்யம் காட்டும். ஓட்டம் உள்ளது சில மில்லிவோல்ட் காட்டும். கேபினுக்குள், இடப்பக்க டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பெட்டியில் ஒரே ஒரு ஃபியூஸ் காட்டிக்கொடுத்தது. அதற்குரிய ரிலேயை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சை, உருவியதும் க்ளாம்ப் மீட்டர் 0.03-க்கு இறங்கியது. ரிலே உட்காரும் சாக்கெட்டின் கால்களுக்கிடையே பச்சைக் களிம்பு பாலம் கட்டியிருந்தது. சாவியை எடுத்த பிறகும் அந்த ரிலே அணையாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு அதுவே காரணம்.

களிம்பு என்றால் தண்ணீர். கேபினுக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்ற கேள்வியைச் சற்று நிறுத்திவைத்து, பின்விளக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிக்அப் வண்டிக்கே உரிய குறை அது. காரில் உடல் முழுவதும் ஒரே தகடு. பிக்அப்பில் சேசிஸ், கேபின், பின்தொட்டி மூன்றும் தனித்தனி. கேபின் ரப்பர் மவுண்டிங்மேல் உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிவர எர்த் பட்டைகளும் போல்ட்டுகளும்தான் வழி. பின்விளக்கின் எர்த் போல்ட் சக்கரச் சேறு தெறிக்கும் இடத்தில், தொட்டிக்கு அடியில் இருக்கிறது. உரமூட்டை ஏற்றும் வண்டி என்றால் சிந்திய உரமும் கழுவிய தண்ணீரும் அதன்மேல்தான் வடியும். அம்மோனியம் கலந்த உரம் தாமிரத்தை எவ்வளவு விரைவில் தின்னும் என்பதை ஒயர் முனையில் போல்ட்டுக்காகப் பொருத்தியிருக்கும் உலோக வளையமான லக்கைக் கையில் வாங்கிப் பார்த்தபோது கண்டேன். ஒயரில் பன்னிரண்டு இழைக்குப் பதில் இரண்டு மூன்று இழைகளே மிஞ்சியிருந்தன, அவையும் பச்சையாக.

இதில் கவனிக்க வேண்டியது, மின்தடையைக் காட்டும் ஓம் அளவு இங்கே பயன்படாது என்பது. ஒற்றை இழை ஒட்டியிருந்தாலும் மீட்டர் பூஜ்யத்துக்கு அருகில் காட்டி, எர்த் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிடும். சுமை ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு இழக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறு முனை விளக்கு ஹோல்டரின் எர்த் காலில்; ஒருவர் பிரேக்கை மிதிக்கிறார். 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். இங்கே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. 21 வாட் பிரேக் பல்புக்குப் போன மின்னோட்டம் திரும்ப வழி கிடைக்காமல் இண்டிகேட்டர் பல்பு வழியாகப் புகுந்து வெளியேறியதால்தான் அது மங்கலாக எரிந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் சம்பந்தமில்லாத வேறொரு விளக்கு எரிகிறது என்றால், ஸ்விட்சைக் குறைசொல்வதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். பழைய லக்கை வெட்டி எறிந்து, புதிய தாமிர லக்கை க்ரிம்ப் செய்து, பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பின்மேல் பல் வாஷருடன் இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினார்கள். தொட்டிக்கும் சேசிஸுக்கும் இடையே கூடுதலாக ஒரு பின்னல் பட்டையும் போட்டார்கள். முறுக்கி டேப் சுற்றும் வேலை எங்கும் இல்லை.

இனி தண்ணீர். சத்தம் எந்தப் பக்கம் என்று நான் சொன்னதை உரிமையாளர் முதலிலேயே குறித்துவைத்திருந்தார். ஃபியூஸ் பெட்டியும் இடப்பக்கம், சீழ்க்கையும் இடப்பக்கம். “கண்ணாடி எப்பவாவது மாத்தினீங்களா சார்?” என்றார். முன்கண்ணாடி ஒருமுறை கல் பட்டு உடைந்து மாற்றியதுதான். எல்லா ஜன்னல்களையும் ஏற்றிவிட்டு, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் நிலையில் ப்ளோவரை முழு வேகத்தில் வைத்தார்கள். கேபினுக்குள் காற்றழுத்தம் சற்றுக் கூடியது. வெளியே கண்ணாடி விளிம்பு முழுக்கச் சோப்புத் தண்ணீரைத் தெளித்தபோது, இடப்பக்க மேல்மூலையில் மோல்டிங்குக்கு அடியிலிருந்து வரிசையாகக் குமிழிகள் கிளம்பின. பசை அங்கே விரற்கடை அகலத்துக்கு விட்டுப்போயிருந்தது. ஓடும்போது சீழ்க்கையடித்த காற்றும், மழையில் தூணின் உட்புறமாக வழிந்து ஃபியூஸ் பெட்டிக்கு இறங்கிய தண்ணீரும் ஒரே துவாரத்தில் வந்தவை. இரண்டு குறைகளுக்கு இரண்டு பில் போட வாய்ப்பிருந்த இடத்தில், ஒரு துவாரத்தைக் காட்டியதற்காகவே இந்தப் பட்டறையைப் பாராட்ட வேண்டும். அந்த இடுக்கில் ஹார்டுவேர் கடை சிலிக்கானைத் திணிக்க அவர் சம்மதிக்கவில்லை. புளிப்பு நெடி அடிக்கும் அந்த வகை சிலிக்கான் இரும்பை அரிக்கும். பிறகு அதன்மேல் சரியான யூரித்தேன் பசையும் ஒட்டாது. கண்ணாடி வேலைக்காரரிடம் அனுப்பி, கண்ணாடியை வெட்டி எடுத்து மறுபடி ஒட்டவைத்தார்கள்.

சாலையில் ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு அதிகாலை நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு பக்கவாட்டில் வண்டியையும் தள்ளும். அந்த நேரத்தில் நல்ல வண்டியும் இரையும். காற்றிரைச்சல் வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. கண்ணாடி, தூண் போன்ற பரப்புகளில் மோதி எழும் சத்தத்தின் ஆற்றல் ஏறக்குறைய வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. எண்பதிலிருந்து நூறுக்குப் போனால் கிட்டத்தட்ட 6 டெசிபெல் கூடும். அதனால் முன்னும் பின்னும் ஒப்பிடும்போது ஒரே வேகம், ஒரே திசை, ஒரே சாலை வேண்டும். சாலைப் பரப்பு மாறும்போது மாறுகிற சத்தம் டயருடையது. வண்டியை லேசாக இடமும் வலமும் ஒடித்தால் கூடிக் குறைகிற உறுமல் சக்கர பேரிங்குடையது. இவை இரண்டையும் கழித்துவிட்டுத்தான் காற்றைத் தேட வேண்டும்.

கதவு இடுக்கு, ரியர்வியூ கண்ணாடியின் அடித்தளம், பானெட்டின் பின்விளிம்பு என்று எல்லா இடைவெளிகளையும் பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி மூடி ஒரு ஓட்டம். பிறகு ஓரிடத்து டேப்பை மட்டும் உரித்து மறு ஓட்டம். எந்த டேப் போனதும் சத்தம் திரும்புகிறதோ அங்கே குறை. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் ஊகத்துக்கு இடமில்லை. இடப்பக்க முன்கதவின் மேல்விளிம்பில் சிறு இரைச்சல் எஞ்சியிருந்தது தெரிந்தது. ஓடும் வண்டியில் ஜன்னலுக்கு வெளியே காற்றழுத்தம் குறைவதால் கதவின் மேற்பகுதி வெளிப்புறமாக இழுக்கப்படும். நிற்கும்போது ஒட்டியிருக்கும் பீடிங் ஓடும்போது விலகும். பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தார்கள். தாள் கீழே இறுகியது, மேலே வழுக்கியது. பீடிங்கை மாற்றாமல், தாழ் மாட்டும் ஸ்ட்ரைக்கரைத் தளர்த்தி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே நகர்த்தி இறுக்கியதோடு அது முடிந்தது. பீடிங்குக்குச் சிலிக்கான் ஸ்ப்ரே மட்டும் அடிக்கச் சொன்னார். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப்போகும்.

கூரை மேலிருந்த ரீங்காரம் லக்கேஜ் கேரியரின் குறுக்குக் குழாயிலிருந்து வந்தது. உருளையைக் கடக்கும் காற்று மேலும் கீழுமாக மாறிமாறிச் சுழல்களை உதிர்க்கிறது. வினாடிக்கு எத்தனை என்பது, வேகத்தைக் குழாயின் விட்டத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் கிடைக்கும். 1878-இல் இயற்பியலாளர் ஸ்ட்ரௌஹால் ஆராய்ந்த விஷயம் இது. மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 25 மீட்டர்; 25 மில்லிமீட்டர் குழாய்க்கு 200 ஹெர்ட்ஸ். நான் கேட்ட ரீங்காரம் அந்தச் சுருதியில்தான் இருந்தது. பட்டறைப் பையன் இந்தக் கணக்கு எதுவும் இல்லாமல், நைலான் கயிற்றைக் குழாய் முழுக்கத் திருகாணிபோல் இடைவெளி விட்டுச் சுற்றிக் கட்டினான். சுழல்கள் ஒரே தாளத்தில் உதிர முடியாமல் சிதறின, ரீங்காரம் நின்றது. ஆன்டெனாக் கம்பிகளில் சுருளாக ஒரு வரி ஓடுவதும் இதற்காகத்தான்.

குறைகளும் உண்டு. முன்பதிவு கிடையாது; வண்டியை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். முறையான பில் கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள். நிழல் போதாது. கண்ணாடி வேலை நீங்கலாகக் கூலியும் பொருளுமாக 4,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆனது. வேலையின் அளவுக்கு அது நியாயமான தொகை என்றாலும், நேரத்தைக் கணக்கிட்டுக் கூலி வாங்குவதால் முன்கூட்டியே இவ்வளவு ஆகும் என்று சொல்ல மறுக்கிறார்கள். களிம்பேறிய ரிலே சாக்கெட்டை மாற்றாமல் துடைத்துச் சுத்தம் செய்தது மட்டும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. புதியது கிடைத்தால் வாங்கி வரும்படியும், மாட்டித் தருவதற்குக் கூலி வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

வாரண்டி காலம் முடியாத வண்டியை இங்கே கொண்டுபோக வேண்டாம். ஒயரிங்கில் வெளியார் கைபட்டால் நிறுவனம் பொறுப்பேற்காமல் போகலாம், அதை அவரே முதலில் கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார். மஞ்சள் உறையிட்ட ஏர்பேக் ஒயர்களையும் இவர்கள் தொடுவதில்லை. என் வண்டியில் டேஷ்போர்டைத் திறந்தபோதுகூட, பேட்டரியைக் கழற்றி வைத்துக் காத்திருந்த பிறகே அந்தப் பக்கம் கைவைத்தார்கள்.