பனியாறே இல்லாத மலையில் பனியாற்றுப் பாடம்: ஏற்காட்டில் ஒரு பயிற்சி வகுப்பு

சேர்வராயன் மலையில் பனியாறு ஓடிய தடயமே கிடையாது. அங்கே போய், இமயமலைப் பள்ளத்தாக்குகளில் பழைய பனியாறுகள் விட்டுச்சென்ற படிவுகளுக்கு வயது கணிக்கும் முறைகளை இரண்டு நாளில் கற்றுத்தருவதாக விளம்பரம் வந்தபோது, புவியியல் ஆசிரியனான எனக்குச் சற்றுச் சிரிப்பாகத்தான் இருந்தது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்ற முதல் மணி நேரத்திலேயே அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

விடுதியின் பின்புறம், காப்பித் தோட்டத்து ஓரத்தில் ஆளுயரச் சார்னோகைட் பாறை ஒன்று கிடக்கிறது. அதை மொரைன் மேட்டில், அதாவது பனியாறு கொண்டுவந்து குவித்த கல்மண் மேட்டில், பனியாறு இறக்கிவிட்ட பாறையாக எண்ணிக்கொண்டு, உளியை எங்கே வைப்பீர்கள் என்று பயிற்றுநர் கேட்டார். நான் கைக்கு எட்டிய பக்கவாட்டைக் காட்டினேன், தவறு. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் தடையின்றி விழும் மேல்முகத்தில், சில சென்டிமீட்டர் தடிமனுக்கே பெயர்த்தெடுக்க வேண்டும். குவார்ட்ஸில், அதாவது நாம் சொல்லும் வெங்கச்சாங்கல்லில் உள்ள ஆக்சிஜன் அணுக்களை அக்கதிர்கள் உடைக்கும்போது பெரிலியம்-10 உண்டாகிறது. அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை வைத்தே பாறை வெளியே கிடந்த காலத்தைக் கணக்கிடுகிறார்கள். கடல் மட்டத்தில் கிராமுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4 அணுக்கள்தாம். உயரே செல்லச் செல்லப் பல மடங்காகும். பாறை பின்னாளில் உருண்டிருந்தால் வயது குறைத்துக் காட்டும், பனி சுமந்து வருவதற்கு முன்பே கதிர் பட்டிருந்தால் கூட்டிக் காட்டும் என்பதால், ஒரே மேட்டில் பல பாறைகளைச் சோதிக்கிறார்கள். சேலத்தை அடுத்த கருப்பூரில் கிடைக்கும் வெள்ளைக்கல்லில் (மேக்னசைட்) இதைச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, அதைக் கொண்டு கண்ணாடியைக் கீறிப் பார்க்கச் சொன்னார், கீறவில்லை; குவார்ட்ஸாக இருந்தால் கீறியிருக்கும். மேக்னசைட் வேறு, குவார்ட்ஸ் வேறு என்பது அங்கேயே விளங்கிற்று.

மணல் கடைசியாக எப்போது வெளிச்சம் கண்டது என்று கணிக்க, அதை வெளிச்சம் படாமல் இரும்புக் குழாயில் அடித்தெடுக்கும் ஒளித்தூண்டல் முறையையும் செய்து காட்டினார்கள். கார்பன்-14 முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் உதவாது என்பதோடு அதை முடித்துக்கொண்டது சரியே.

குறை ஆய்வகப் பகுதியில்தான். குவார்ட்ஸை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைப்பது முதல் முடுக்கி நிறைமாலைமானியில் அணுக்களை எண்ணுவது வரை அரைமணி நேரத்தில் ஓட்டிவிட்டார்கள். டெல்லியிலேயே அத்தகைய கருவி இருந்தும் அதன் படம்கூடக் காட்டவில்லை. கையேட்டில் பெரிலியம்-10இன் அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) 15.1 லட்சம் ஆண்டுகள் என்றே இருக்கிறது; அது 2010இல் 13.87 லட்சமாகத் திருத்தப்பட்டுவிட்டது. இருபதாயிரம் ஆண்டுப் பாறையில் இதனால் சிதைவுக் கணக்கு பெரிதாக மாறாது என்றாலும், 3,500 ரூபாய் வாங்குகிறவர்கள் பார்த்து அச்சிட்டிருக்கலாம். சுட்டிக்காட்டியதும் பயிற்றுநர் அங்கேயே பேனாவால் அடித்துத் திருத்தினார்.

கல்லூரி மாணவர்கள் தாராளமாகச் செல்லலாம். பாறைப் பாடம் முழுதும் திறந்தவெளியில் நடப்பதால், ஐப்பசியில் போவதாயிருந்தால் குடை அவசியம்.