பப்ளிக் ஸ்பீக்கிங்கா, பிசினஸ் கம்யூனிகேஷனா: எதை முதலில் எடுக்கலாம்?

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) சேர்ந்து கம்யூனிகேஷன் படிக்க நினைப்பவர்கள் முதல் செமஸ்டரிலேயே குழம்பும் இடம் இது. பப்ளிக் ஸ்பீக்கிங் (மேடைப் பேச்சு), பிசினஸ் கம்யூனிகேஷன் (அலுவலகத் தொடர்பு) இரண்டும் பெரும்பாலும் 3 யூனிட் வகுப்புகள், யூனிட் என்பது பட்டத்துக்குச் சேரும் பாட அளவு. அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு யூனிட்டுக்கு 46 டாலர், ஆக வகுப்புக்கு 138 டாலர், புத்தகச் செலவு தனி. வெளியிலிருந்து வருபவர்களுக்கு இதைவிட நிறையவே ஆகும். இரண்டு வகுப்புக்கும் இடையே பணத்தில் வித்தியாசம் இல்லை, கற்றுக்கொள்வதில்தான் இருக்கிறது. இரண்டையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் பப்ளிக் ஸ்பீக்கிங் எடுங்கள்.

ஏனென்றால் அங்கே ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. என் முதல் பேச்சுக்கு உள்ளங்கை அளவு அட்டை ஒன்று மட்டும் கொண்டுபோகலாம் என்றார்கள். நான் அதன் இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் மொத்தப் பேச்சையும் எழுதிக்கொண்டு போனேன், கை நடுங்க அட்டையும் நடுங்க, ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. ஆசிரியர் திட்டவில்லை. அடுத்த தடவை ஐந்தே ஐந்து வார்த்தை எழுதி வா என்றார். அப்படியே செய்தேன். அன்றைக்குத்தான் எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களை நிமிர்ந்து பார்த்தேன், கடைசி வரிசையில் ஒருவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். இதைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது.

பிசினஸ் கம்யூனிகேஷன் மட்டம் என்று சொல்லவில்லை. அது பெரும்பாலும் எழுத்து வேலை: மின்னஞ்சல், மெமோ, அறிக்கை, மறுப்புக் கடிதம். மறுப்புக் கடிதம் ஒன்றை நான்கு முறை திருத்தி எழுதினேன். "முடியாது" என்பதை எடுத்த எடுப்பில் போட்டால் படிப்பவர் அதோடு நிறுத்திவிடுவார், காரணத்தை முன்னால் வைத்தால் கடைசிவரை வருவார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வகுப்பு மறுநாளே பயன்படும், அவர்கள் இதை முதலில் எடுத்தாலும் தப்பில்லை.

ஆனால் நான்கு வருடப் பட்டத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால் கணக்கே வேறு. கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநில அரசின்) பல்கலைக்கழகங்கள் எல்லாரும் படிக்க வேண்டிய பொதுக்கல்வியில் வாய்மொழித் தொடர்புக்கு ஒரு வகுப்பு கேட்கின்றன, பப்ளிக் ஸ்பீக்கிங் அந்த இடத்தை நிரப்பும், எழுத்தை மையமாகக் கொண்ட பிசினஸ் கம்யூனிகேஷன் பொதுவாக நிரப்பாது. 2010-ல் வந்த சட்டத்தின்படி கம்யூனிட்டி காலேஜ்களில் கொடுக்கப்படும் 60 யூனிட் டிரான்ஸ்ஃபர் பட்டத்தை கம்யூனிகேஷன் ஸ்டடீஸில் எடுத்தாலும் பப்ளிக் ஸ்பீக்கிங்தான் அடிப்படைப் பாடம். அந்தப் பட்டம் கால் ஸ்டேட் அமைப்பில் ஓர் இடத்தை உறுதி செய்கிறது, நீங்கள் ஆசைப்படும் வளாகத்தில் அல்ல. இதைப் பலர் கவனிப்பதில்லை. பதிவு செய்யும் முன், எந்த வகுப்பு எங்கே ஏற்கப்படும் என்று காட்டும் அசிஸ்ட் (assist.org) தளத்தில் உங்கள் கல்லூரியின் வகுப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றம் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். 1924-ல் அதே மாநிலத்தில், சான்டா ஆனாவில் தொடங்கியது அது, பயிற்சிக்கு அருமையான இடம். யூனிட் மட்டும் கிடைக்காது. வகுப்பு முடிந்த பிறகு போங்கள், பேச்சு துருப்பிடிக்காமல் இருக்கும்.

அப்புறம், ஆன்லைன் பிரிவு. பேச்சை வீட்டில் பதிவு செய்து அனுப்பச் சொல்லும் வகுப்பென்றால், பிடிக்கும்வரை திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டே இருப்பீர்கள், நடுக்கம் அப்படியே இருக்கும். கொஞ்சம் அலைச்சலானாலும் நேரில் நடக்கும் பிரிவாகப் பார்த்துச் சேருங்கள்.