டோக்கியோவில் வேலை, ஃபுகுவோகாவில் வீடு

எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று டோக்கியோ நிறுவனம் அனுமதித்ததும் ஃபுகுவோகாவுக்குக் குடிபெயர்ந்தேன். ஆண்டுகள் சில ஓடிவிட்டன. ஜப்பானில் எந்த ஊர் நல்லது என்று கேட்பவர்களுக்குத் தயங்காமல் இந்த ஊரைத்தான் சொல்கிறேன்.

கடலோர ஊர்தான், ஆனாலும் காரணம் கடல் அல்ல, கைக்கெட்டும் தூரங்கள். 16 லட்சம் பேர் வாழும் நகரம் இது. ஆனால் விமான நிலையத்தில் சுரங்க ரயில் ஏறினால் 5 நிமிடத்தில் நகரின் முக்கிய ரயில் நிலையமான ஹகாதா, 11 நிமிடத்தில் தென்ஜின் கடைவீதி. டோக்கியோவின் நெரிசல் ரயில்களில் கரைந்த நேரமெல்லாம் இங்கே மிச்சம். எங்கள் குழுவில் பாதிப் பேர் சென்னையில் இருக்கிறார்கள். அங்கே காலை 9:30 என்றால் இங்கே பகல் 1 மணி. கூட்டங்கள் அதற்குப் பிறகுதான் என்பதால் காலைப் பொழுது எனக்கே சொந்தம். பழைய கோட்டை அகழியின் மிச்சமான ஓஹோரி பூங்கா ஏரியைச் சுற்றி 2 கிலோமீட்டர் நடப்பேன். மனம் வந்தால் மெயினோஹமாவில் படகு ஏறுவேன், பத்தே நிமிடத்தில் நோகோனோஷிமா தீவு.

மெரினா அலைகளை எதிர்பார்த்து யாரும் வர வேண்டாம். ஹகாதா விரிகுடா அமைதியானது. மோமோச்சி கடற்கரையே கடலைத் தூர்த்து உருவாக்கியதுதான். 1989 ஆசிய-பசிபிக் கண்காட்சி நடந்ததும் அந்தப் பகுதியில்தான்.

இரவு வேலைக்காரர்களுக்கு இந்த ஊரில் ஒரு பெரிய வசதி, குப்பை லாரி நள்ளிரவுக்குப் பின் வருவது. டோக்கியோவில் காலை 8 மணிக்குள் பையோடு ஓட வேண்டும். இங்கே சூரியன் மறைந்த பிறகு, இரவு 12 மணிக்குள் வைத்தால் போதும். எரியும் குப்பைக்குச் சிவப்புப் பை, எரியாததற்கு நீலம், பாட்டில்களுக்கு மஞ்சள்.

குடிநீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்து வளர்ந்த எனக்கு இன்னொன்றும் முக்கியம். பெரிய ஆறு இல்லாத இந்நகரம் 1978 வறட்சியில் 287 நாட்கள் தண்ணீர்க் கட்டுப்பாட்டில் தவித்தது. 2005 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இயங்குகிறது; நாளொன்றுக்கு 5 கோடி லிட்டர் வரை தரும் திறன் அதற்கு உண்டு. குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த முன்யோசனையை மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு. குளிர்கால வானம் வாரக்கணக்கில் சாம்பல் நிறம். வசந்தத்தில் ஆசியப் பெருநிலத்திலிருந்து மஞ்சள் தூசு. சைவர்களுக்குச் சாப்பாடு சிரமம்: ராமென் நூடுல்ஸின் சாறு பன்றி எலும்பு, உதோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸின் சாறு மீன். வீட்டில் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் என்றதும் கைவிரிக்கும் வீட்டுக்காரர்கள் இங்கும் இருக்கிறார்கள். ஃபைபர் இணைப்புக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். வீடு உறுதியானதுமே விண்ணப்பித்துவிடுங்கள்.

வெளிநாட்டு வேலையை ஜப்பானிலிருந்தே பார்ப்பவர்களுக்காக 2024 மார்ச் இறுதியில் வந்த டிஜிட்டல் நாடோடி விசாவை நம்பித் திட்டமிடுபவர்கள் கவனிக்க வேண்டும். அதற்கு ஆண்டு வருமானம் 1 கோடி யென் தேவை. அதற்குத் தகுதியுள்ள நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூரும் மலேசியாவும் உண்டு, இந்தியா இல்லை. குடியிருப்பு அட்டை தர மாட்டார்கள். ஆகவே வங்கிக் கணக்கும் வழக்கமான வாடகை ஒப்பந்தமும் கடினம். 6 மாதம்தான், நீட்டிப்பு கிடையாது.